மலைக்குப் பக்கத்து வானம்

டூசான், அரிசோனா
14 அக்டோபர் 1993

அன்புத் தங்கை சிக்னிக்கு,

நானும் நோரீனும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏரிக்காற்று தொடங்கியிருக்குமே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல வீறாப்பா?

கடிதம் அச்சில் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற விமானிக்கு விரல்களாவது வேலை செய்யட்டுமே.

நிலம் வாங்கிவிட்டோம். ஊருக்கு வடக்கே, அரசு பாதுகாக்கும் பாலைவனத்தை ஒட்டி ஐந்து ஏக்கர். அத்தனையும் அண்ணனுக்கு என்று கணக்குப் போடாதே. பாலைவனப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு பகுதியைக் கயிறு கட்டிக் காட்ட வேண்டும். வீடு, வாசல், கார் நிறுத்தும் இடம் எல்லாம் கயிற்றுக்குள் அடங்க வேண்டும். மிச்ச இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினாலும் குற்றம். கயிறு எங்கே என்று ஒரு தடவைதான் சொல்லலாம். பதிவாகிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

அதனால் நானும் நோரீனும் தினமும் சாயங்காலம் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு நாள் ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். வெயில் இறங்கியதும் அந்த நிலம் மெல்ல மூச்சு விடுவது போல இருக்கிறது. சகுவாரோ கள்ளிகள் கைகளைத் தூக்கியபடி நிற்கின்றன. மேற்கே மலை முதலில் செம்பாகவும், பிறகு திராட்சை நிறமாகவும் மாறி, கடைசியில் இருட்டோடு இருட்டாகிவிடும். நேற்று ஒரு பாறையின் அழகைப் பற்றி நான் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நோரீன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஐயா விமானி, அது பாறை இல்ல, காட்டுப்பன்னி. இதோ எழுந்து போகுது பாருங்க" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சொந்த நாற்காலியில், சொந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அந்த மலையைப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் ஊர் ஊராகப் பறந்து சேர்த்ததெல்லாம் அதற்குத்தான்.

உன் மீன்காரர் ஐனோ எப்படி இருக்கிறார்? மீனை மட்டும்தான் கொண்டுவந்து கொடுக்கிறாரா, வாயைத் திறந்து ஏதாவது கேட்டாரா?

அன்புடன்
அண்ணன் ஹால்வர்

---

20 அக்டோபர் 1993

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர் டெல்ஃபினா அர்விசு அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் அலுவலகத்தில் என் மனைவியின் முன்னால் சொல்லத் தயங்கியதை எழுதுகிறேன். அவளுக்கு விஷயம் தெரியும். ஆனால் நான் அதைச் சொல்லும்போது அவள் முகம் போகும் போக்கை என்னால் தாங்க முடிவதில்லை.

என் இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டிருக்கிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது போய்விடுகிறது, ஓரத்தில் இருப்பது நிற்கிறது. மலையைப் பார்த்தால் மலை இல்லை. மலைக்குப் பக்கத்தில் இருக்கும் வெறும் வானத்தைப் பார்த்தால் மலை வந்து நிற்கிறது. அதனால் மேற்குக் கண்ணாடிச் சுவரைக் குறைக்காதீர்கள், இன்னும் அகலமாகப் போடுங்கள். வானத்துக்கும் இடம் வேண்டும். வாசற்படிகள் வேண்டாம். எந்த அறையில் நிற்கிறேன் என்று பாதம் சொல்லும்படி தரை இருக்கட்டும். ஓரமும் போகும் நாள் வரலாம் என்கிறார் மருத்துவர்.

இன்னொன்று. எங்கள் அப்பாவுக்கும் இதே நோய். என் தங்கை சிக்னிதான் பல வருடம் அவர் கையைப் பிடித்து நடத்தினாள். அந்த நாளில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு நல்ல மனிதர் வந்திருக்கிறார். என் சங்கதி தெரிந்தால் அன்றைக்கே பெட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்பாள், அவரையும் அனுப்பிவிடுவாள். அவள் கல்யாணம் முடியும்வரை இது உங்களுக்குள் இருக்க வேண்டும்.

தங்கள்
ஹால்வர் எங்கன்

---

சுப்பீரியர் ஏரிக்கரை, மினசோட்டா
5 டிசம்பர் 1993

அன்பு அண்ணா,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகக் குடித்தனம் நடத்துகின்றன. உனக்கும் அண்ணிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கோழி கிறுக்கியது மாதிரி இருந்தாலும் உன் கையெழுத்தே எனக்குப் போதும். இந்த அச்சு எழுத்தைப் பார்த்தால் வங்கியிலிருந்து ஏதோ நோட்டீஸ் வந்தது போல இருக்கிறது.

ஒருவழியாக ஐனோ வாயைத் திறந்துவிட்டார். கேட்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பாய். புகை போட்ட மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். "ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா விறகு வெட்டறேன். ஒரே வீடா இருந்தா பாதி வேலை மிச்சம்" என்றார். "இது கல்யாணப் பேச்சா, விறகுப் பேச்சா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். பின்லாந்துக்காரர்களின் காதல் இப்படித்தான் போலிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன், ஆனால் யோசிக்கவே இல்லை. அவர் போனதும் கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டேன்.

அப்பாவின் நாற்காலியை மாடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் ஐனோவின் நாற்காலி வரும். உனக்கு வருத்தம் இல்லையே?

உன் தங்கை
சிக்னி

---

டூசான்
18 ஜனவரி 1994

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறேன்.

உங்கள் வீடு கயிற்றுக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடிச் சுவரைப் பார்த்துப் பாதுகாப்புக் குழு முகம் சுளித்தது. வெயிலில் பளபளத்தால் பறவைகள் வந்து மோதும், பள்ளத்தாக்கு முழுக்கக் கண் கூசும் என்றார்கள். கூரையை நன்றாக வெளியே இழுத்துக் கண்ணாடியை நிழலுக்குள் வைத்ததும் சம்மதித்தார்கள். வெளிச்சுவரின் நிறம் அந்த மண்ணின் நிறத்தை விட்டு விலகக் கூடாது. வெளிவிளக்குகள் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

கயிற்றுக்குள் ஒன்பது சகுவாரோக்கள் நிற்கின்றன. அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும். ஒவ்வொன்றிலும் தெற்குப் பக்கம் எது என்று முன்கூட்டியே நாடா கட்டி, நடும்போது அதே பக்கம் தெற்கு பார்க்கும்படி திருப்பி வைப்பது இங்கே வழக்கம். வெயில் படாமலே வளர்ந்த வடக்குத் தோல் தெற்கே திரும்பினால் கருகிவிடும். உங்கள் மனைவி சொன்னார், நாடாவை நீங்களே கட்டப் பிடிவாதம் பிடிக்கிறீர்களாம். ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விடலாமே? இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தரை நீங்கள் கேட்டபடியே. சமையலறையில் கல், படுக்கையறையில் மரம், நடையில் சொரசொரப்பான செங்கல்.

டெல்ஃபினா அர்விசு

---

26 பிப்ரவரி 1994

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நோரீனை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் மூக்குக் கண்ணாடி எங்கேயோ தொலைந்துவிட்டது. அப்பாவின் நாற்காலி மாடிக்குப் போனதில் எனக்கு வருத்தம் துளிகூட இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, பசி அதைவிட நன்றாக இருக்கிறது.

நாள் குறித்துவிட்டாயா? எதற்குத் தள்ளிப்போடுகிறாய்? விறகு வெட்டுகிறவரை வாசலில் நிற்க வைக்காதே.

இதோடு வீட்டின் வரைபடம் அனுப்புகிறேன். நேற்றிரவு கனவில் அந்த வீட்டுக்குள் நடந்தேன். எல்லாம் கட்டி முடிந்திருந்தது. மழை பெய்து ஓய்ந்த நேரம். பாலைவனத்தில் மழை விட்டதும் புதர்களிலிருந்து கிளம்பும் வாசனையை எப்படிச் சொல்வது? மருந்தும் மண்ணும் கலந்தது போல இருக்கும். செங்கல் நடையில் வெறுங்காலோடு போனேன், பிறகு கல், பிறகு மரம். எங்கே போகிறேன் என்று தெரிந்தே போனேன். கண்ணாடிச் சுவர் வந்ததும் அது சுவராகவே தெரியவில்லை. மலை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் கள்ளிகளைப் பெயர்க்கிறார்கள். தெற்கு எது என்று நான்தான் திசைமானி வைத்து நாடா கட்டப்போகிறேன். எத்தனை புயலில் வடக்கும் தெற்கும் பார்த்தவன் நான், ஒன்பது கள்ளிக்குப் பார்க்க மாட்டேனா?

அண்ணன்

---

30 மார்ச் 1994

அன்பு அண்ணா,

இங்கே ஏரியில் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்கிறது. நான் நலம். மூக்குக் கண்ணாடி கிடைத்ததா? கிடைக்காவிட்டால் வேறு வாங்கு, கஞ்சத்தனம் பண்ணாதே.

வரைபடத்தை அடுக்களை மேஜையில் விரித்து வைத்து நானும் ஐனோவும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தோம். மாளிகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் கட்டடக் கலைஞருக்கு என்ன ஆயிற்று? ஒரு படி கிடையாது, ஒரு நிலைப்படி கிடையாது, அறைக்கு ஒரு தரை. எல்லாவற்றையும்விட, உன் நாற்காலியை மலைக்கு நேராகப் போடாமல் கோணலாகப் போட்டிருக்கிறாள். ஐனோ விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க உக்காந்தா மலை தெரியாது, வானம்தான் தெரியும்" என்றார். இத்தனை செலவு செய்துவிட்டு வெறும் வானத்தையா பார்க்கப் போகிறாய்? அதைத் திருத்தச் சொல்.

செப்டம்பர் பத்தாம் தேதி, இங்கே மாதா கோயிலில் கல்யாணம். அப்பா இல்லாததால் நீதான் என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். புது கோட் தைத்துக்கொள். பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் கோயிலுக்குள் விட மாட்டேன்.

சிக்னி

---

9 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே விழைகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கோட் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை மழை வந்துவிட்டது. நேற்று மணலாற்றில் அரைமணி நேரம் தண்ணீர் ஓடியது. ஓடி முடித்து, வந்த தடம் தெரியாமல் போய்விட்டது.

ஒரு சின்ன நஷ்டம். இடம் மாற்றி நட்ட ஒன்பது கள்ளியில் ஆறு மஞ்சளடித்துக் கருகிவிட்டன. நாடா வேறு பக்கம் கட்டியிருந்ததாம். திசைமானி பழையது, முள் சிக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்து அங்கே நின்றவை, சிக்னி. தினமும் போய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். நோரீன் தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

அதை விடு. கல்யாணத்துக்கு என்னென்ன சமையல்?

அண்ணன்

---

22 ஆகஸ்ட் 1994

அன்பு சிக்னி,

சுகம்தானே? நான் எழுதி ஆறு வாரமாகியும் உன் கடிதம் இல்லை. நோரீன் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஒரு வரி போடு.

ஐனோவோடு ஏதும் மனத்தாங்கலா?

ஹால்வர்

---

1 செப்டம்பர் 1994

அண்ணா,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமில்லை என்று எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் திசைமானியை வைத்துக் கடல்களைத் தாண்டியவனுக்கு ஆறு தடவை முள் சிக்கிக்கொண்டதாம். அதை நான் நம்ப வேண்டுமாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வரைபடத்தை மறுபடி எடுத்து விரித்தேன். படியில்லாத வாசல், அறைக்கு ஒரு தரை, கோணல் நாற்காலி. அப்பாவும் கடைசியில் ஏரியைப் பார்க்க, ஏரியை விட்டுப் பக்கத்துக் கரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்! அன்றைக்கே அண்ணிக்கு போன் போட நினைத்தேன். முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு பெட்டி கட்டினேன். இதற்குப் பயந்துதானே மறைத்தாய்? அதையேதான் செய்தேன், சந்தோஷமா?

ஐனோ மீனோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"எங்க பயணம்?"

"அண்ணன்கிட்ட. அவனுக்குக் கண்ணு போகுது."

"எப்ப திரும்புவ?"

"தெரியாது."

"கல்யாணம்?"

"தெரியாதுன்னு சொன்னேனே."

அவர் மீனை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன், தொலைபேசியை எடுக்கவில்லை, யாருக்கும் பதில் எழுதவில்லை. பெட்டி நடுக்கூடத்திலேயே கிடந்தது. தினமும் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். போன வாரம் அவர் மறுபடியும் வந்தார், கையில் அவருடைய பெட்டி. "படகை வித்துட்டேன்னு நினைச்சுக்காத, தம்பிகிட்ட குடுத்திருக்கேன். உங்க அண்ணன் ஊர்ல மீன் கிடைக்குமா?" என்று கேட்டார். "அங்க தண்ணியே கிடையாது" என்றேன். "அப்ப வேற ஏதாவது புகை போட்டுத்தான் சாப்பிடணும்" என்றார். அப்போதுதான் அத்தனை நாள் கழித்துச் சிரித்தேன்.

இப்போது உன்னிடம் ஒரு சண்டை இருக்கிறது. எனக்குத் தெரிந்தால் நான் என் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வேன் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். அப்பாவுக்குக் கண் போனபோது அவர் என்னைக் கூப்பிட்டு, "இருக்கியாம்மா, போறியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்று சொன்னது நான். அன்றைக்கு வந்த அந்த மாப்பிள்ளையை அப்பாவுக்காகவா அனுப்பினேன் என்று நினைக்கிறாய்? அந்த ஆள் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். அப்பா நல்ல சாக்காகக் கிடைத்தார். நீ என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

செப்டம்பர் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். நவம்பரில் உன் நிலத்தில் வைத்துக்கொள்ளலாம். வீடு எந்த நிலையில் இருந்தாலும் சரி. வந்து இரண்டு வாரம் தங்குவோம், பிறகு எங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம். அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் நீ வாய் திறந்து கேட்க வேண்டும்.

சிக்னி

---

13 செப்டம்பர் 1994

அன்பு சிக்னி,

நோரீன் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை அவளால் முடிக்க முடியவில்லை.

நவம்பருக்குள் தளம் போட்டுவிடுவார்கள், சுவர் இருக்காது. வாருங்கள்.

உன்னைக் கேட்காதது தப்புதான்.

ஹால்வர்

---

15 டிசம்பர் 1994

அன்புத் தங்கைக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. பனியில் வழுக்காமல் நட. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, இன்னும் சுவரே எழும்பாத வீடு! டெல்ஃபினா வந்தால் உங்கள் இருவரையும் விசாரிக்காமல் போவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை என்று நோரீன் திட்டுகிறாள். கேட்க வேண்டிய நாள் வந்தால் கேட்கிறேன், நிஜமாகவே கேட்பேன்.

உன் கல்யாண நாள் மனதை விட்டுப் போகவில்லை. வெறும் சிமெண்டுத் தளம், நான்கு பக்கமும் பாலைவனம், காட்டுக் காடைகள் கூவிக்கொண்டு ஓடின. உன் கை என் முழங்கையில் இருந்தது. நான் நேரே பார்த்தபடி நடந்தேன், அதனால் நேரே இருந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. மலை தெரிந்தது, உன் முக்காட்டின் ஓரம் தெரிந்தது, டெல்ஃபினாவின் மஞ்சள் தொப்பிகூடத் தெரிந்தது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. நீ வருவதைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றாரே ஐனோ, அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது? நோரீனைக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்கிறாள். அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அத்தனை பேரும் பார்த்ததை நான் பார்க்கவில்லை. நீ சொல். ஒன்றும் விடாமல் எழுது.

அண்ணன் ஹால்வர்

---

8 ஜனவரி 1995

அன்பு அண்ணா,

நாங்கள் இருவரும் நலம். உன்னையும் அண்ணியையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏரி கரையோரமாக உறைந்துவிட்டது. ஐனோ ஒரே வீட்டுக்கு விறகு வெட்டுகிறார். ஆனால் பாதி வேலை மிச்சமாகவில்லை, நான்தான் இரண்டு மடங்கு எரிக்கிறேனாம்.

உன் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திண்டாடினேன். ஏதாவது அழகாகக் கற்பனை செய்து எழுதிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அவரையே கேட்டேன். "என் மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அண்ணா, நானும் பார்க்கவில்லை. அந்தத் தளத்தில் ஒரு விரிசல் இருந்தது, ஓர் இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நீ தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று முதலிலிருந்து கடைசிவரை உன் காலையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உன் தங்கை
சிக்னி